சொல்லாமல் விட்ட பெயர்

ஹேனகந்த தோட்டம்,
கஹவத்தை.
14.03.2024

அன்புள்ள சுகந்தினிக்கு,

கர்த்தருடைய பரிசுத்த நாமத்தில் வாழ்த்துகிறேன். நான் நலம். நீயும் உன் அக்கா வீட்டாரும் நலமாயிருக்க ஜெபிக்கிறேன்.

நீ நிவித்திகலைக்குப் போய் இன்றோடு பதினொரு நாள். எத்தனை தடவை அழைத்தும் நீ போனை எடுக்கவில்லை. சபையில் கேட்கிறவர்களிடம் உன் அக்காவுக்குச் சுகமில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஓர் உபதேசியாரைப் பொய் சொல்ல வைத்துவிட்டாய்.

அறுப்புப் பண்டிகையன்று நடந்ததை நீ பெரிதாக்கிக்கொண்டாய். சபையார் தங்கள் தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்தின் முன் வைக்கும் நாள் அது. கருப்பாயி நம் சபையைச் சேர்ந்தவள் அல்ல. அவள் பூசணிக்காயோடு வந்தாள். "ஒன்ன மாரியம்மன் கோயிலுக்குக் குடுத்துட்டேன், இது உங்க சாமிக்கு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அதை நான் பீடத்தில் வைத்திருந்தால் சபையார் என்ன நினைப்பார்கள்? நான் கோபப்படவில்லை. "கொண்டு போங்கம்மா, இது இங்க சேராது" என்று சாந்தமாகத்தான் சொன்னேன். அவளும் பேசாமல் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஆராதனையின் நடுவில் நீ எழுந்து அவள் பின்னால் போனதுதான் எல்லோர் கண்ணிலும் பட்டது.

ஊழியக்காரன் மனைவிக்கு இது அழகல்ல. உயிர்த்தெழுந்த திருநாளுக்கு முன் வந்து சேர்.

கர்த்தருக்குள் உன் கணவன்,
யோ. தங்கையா


நிவித்திகல.
22.03.2024

சுஜீதாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. போனை எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. போனில் நீங்கள் பேசத் தொடங்கினால் அது பிரசங்கமாகிவிடும். நான் "ம்" கொட்டிக்கொண்டிருப்பேன். இருபத்திரண்டு வருடம் அப்படித்தான் போயிற்று. கடிதத்தில் யாரும் நடுவில் புகுந்து பேச முடியாது. எழுதுங்கள், நானும் எழுதுகிறேன்.

அந்தப் பூசணிக்காய் ஏன் வந்தது என்று உங்களுக்குத் தெரியுமா? நீங்கள் கேட்கவில்லை. ஜனவரியில் கருப்பாயி அக்காவின் மகள் தர்மிளாவுக்கு வலி கண்டபோது தோட்டத்து லொறியில் அவளோடு நான்தான் போனேன். பாதி வழியில் இரத்தம் போக ஆரம்பித்தது. லொறி சேற்றில் புதைந்து நின்றது. என் மடியில் அவள் தலை. நான் என் ஆண்டவரைக் கூப்பிட்டேன், கருப்பாயி அக்கா மாரியம்மாவைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். "ரெண்டு பேருக்கும் நன்றி சொல்லணும்லம்மா" என்று அன்றைக்கே அவர் சொன்னார். தன் கொடியில் காய்த்த இரண்டு காயில் நல்லதைத்தான் நமக்குக் கொண்டுவந்தார்.

குஷ்டரோகிகள் பத்துப் பேர் சுகமானதையும் ஒருவன் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வந்ததையும் நீங்கள் எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறீர்கள். திரும்பி வந்தவன் வேறு சாதிக்காரன், வேறு இடத்தில் தொழுகிறவன். ஆண்டவர் அவனைப் பார்த்து இது இங்கே சேராது என்று சொன்னதாக நான் கேட்டதில்லை.

இன்னொன்று. வீட்டுக்கு வந்த பிறகு நீங்கள் சொன்னதை உங்கள் கடிதத்தில் காணவில்லை. "நீயும் அந்த லயத்துல பொறந்தவதான? ஒனக்கு அந்தப் புத்திதான் வரும்" என்றீர்கள். பத்தொன்பது வயதில் ஞானஸ்நானம் எடுத்தேன். இத்தனை வருடம் கழித்தும் நான் உங்கள் கணக்கில் கூலி வரிசை வீட்டில் பிறந்த லயத்துக்காரி. உங்கள் தாத்தாவும் அதே கப்பலில் வந்து, அதே மலையில் கொழுந்து சுமந்தவர்தான். உங்கள் அப்பா உபதேசியாரானதால் உங்களுக்குத் தனி வீடு கிடைத்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் திருநாளுக்கு வரமாட்டேன்.

சுகந்தினி


ஹேனகந்த தோட்டம்.
06.04.2024

அன்புள்ள சுகந்தினிக்கு,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள்.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். எனக்கே வேதம் சொல்லித் தருகிறாய். போகட்டும். கோபத்தில் ஒரு வார்த்தை வந்திருக்கலாம். அதை இத்தனை நாள் மடியில் கட்டிக்கொண்டிருப்பதும் பெருமைதான்.

பெரிய வியாழனன்று வழக்கம்போல் பன்னிரண்டு பேருடைய கால்களைக் கழுவினேன். தண்ணீர் சூடாக்கித் தர நீ இல்லாததால் குளிர்ந்த தண்ணீர்தான். எல்லோரும் வீட்டிலேயே சவர்க்காரம் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருந்தார்கள். பேசினில் இருந்த தண்ணீர் கடைசி வரைக்கும் கலங்கவே இல்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அன்றைக்கு அது மனதில் நின்றது.

சுஜீதா கொழும்பிலிருந்து பேசினாள். "அம்மாகிட்ட நீங்களே போங்கப்பா" என்கிறாள். பிள்ளையையும் உன் பக்கம் இழுத்துக்கொண்டாய்.

இங்கே பின்னேரங்களில் மழை. வீட்டுக்குப் பின்னாலுள்ள மண்திட்டில் ஒரு வெடிப்பு விழுந்திருக்கிறது. கை நுழையும் அகலம். தண்ணீர் ஓடும் கானும் அடைத்துக் கிடக்கிறது. ஆள் பார்க்க வேண்டும்.

தங்கையா


நிவித்திகல.
19.04.2024

சுஜீதாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தில் மற்றதற்கெல்லாம் பிறகு பதில் எழுதுகிறேன். முதலில் அந்த வீட்டை விட்டு வெளியே வாருங்கள். கை நுழையும் வெடிப்பு என்று எவ்வளவு சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள்! இங்கே போன வருடம் ஒரு லயமே இறங்கிப் போனது. ஞாயிறுப் பள்ளி அறையில் படுக்கையைப் போட்டுக்கொள்ளுங்கள். கானைச் சுத்தப்படுத்த மூக்கையா அண்ணனைக் கூப்பிடுங்கள். அந்த மலையில் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

அவர் கருப்பாயி அக்காவின் புருஷன் என்பதால் நீங்கள் கூப்பிடமாட்டீர்கள். எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

சுகந்தினி


இரத்தினபுரி ஆஸ்பத்திரி.
14.06.2024

அன்புள்ள சுகந்தினி,

இப்போதுதான் பேனா பிடிக்க முடிகிறது. நான் உயிரோடு இருப்பது சுஜீதா மூலம் உனக்குத் தெரிந்திருக்கும். வெள்ளத்தில் பாதைகள் மூடிக் கிடந்ததால் நீ வர முடியவில்லை என்று அவள் சொன்னாள்.

நீ சொன்னபடி நான் கேட்கவில்லை. பள்ளி அறையில் படுக்க வெட்கமாக இருந்தது. மூக்கையாவையும் கூப்பிடவில்லை.

மூன்றாம் தேதி விடிந்து, தேநீர் வைக்க அடுப்படிக்குப் போனேன். பின்னால் லொறி வருவது போல ஒரு சத்தம். திரும்பினேன், சுவரே என் மேல் வந்தது. நெஞ்சு வரைக்கும் மண். வலது காலின் மேல் கூரையின் வளைமரம் கிடந்தது. வாயெல்லாம் சேறு. அந்த நேரத்தில் கர்த்தரைக் கூப்பிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நான் கூப்பிட்டது "அம்மா" என்றுதான். சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

முதலில் வந்தது மூக்கையா. மழையில் ரப்பர் மரத்துப் பால்வெட்டு இல்லாத நாள். கையில் மண்வெட்டியோடு அந்தப் பக்கம் எப்படி வந்தார் என்று தெரியவில்லை. கேட்டால் "கானைப் பாக்க வந்தேங்க" என்கிறார். மண்வெட்டி என்மேல் பட்டுவிடும் என்று அதைப் போட்டுவிட்டுக் கையாலேயே தோண்டினார். மேலே மண் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. "போயிருங்க மூக்கையா" என்றேன். "பேசாம இருங்க ஐயா, வாய்க்குள்ள மண்ணு போகுது" என்றார். என்னை இடுப்பு வரைக்கும் எடுத்துவிட்ட நேரத்தில் இரண்டாவது தடவை மண் இறங்கியது. கூரைத் தகரம் சரிந்து அவருடைய வலது கையில் விழுந்தது. அதற்குள் லயத்து ஆட்கள் ஓடிவந்து இருவரையும் இழுத்தெடுத்தார்கள்.

அவருக்கு இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பெருவிரல் மடங்காதாம். சுகந்தினி, அது பால்வெட்டுக் கத்தி பிடிக்கிற கை.

வார்டில் எங்களுக்கு அடுத்தடுத்த கட்டில். அதற்கும் ஒரு கதை இருக்கிறது. மூக்கையா என்னை "ஐயா, ஐயா" என்று கூப்பிட்டதைக் கேட்டுவிட்டு சிங்கள நர்ஸ் மிஸ், "அய்யாய் மல்லியித?" என்று கேட்டார். அவர்கள் பாஷையில் அய்யா என்றால் அண்ணன் அல்லவா? அண்ணன் தம்பி என்று நினைத்துப் பக்கத்தில் போட்டுவிட்டார். நான் அந்த நிலையிலும், "நே மிஸ், நான் சர்ச்சில் வேலை செய்கிறவன், இவர் தோட்டத்து ஆள்" என்று சிங்களத்தில் விளக்கம் சொன்னேன். மூக்கையா கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். அவருக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் தெரியும்.

எனக்கு எழும்ப முடியாது. முதல் நாள் மிஸ்மாருக்கு வேலை அதிகம், கூப்பிட்டும் யாரும் வரவில்லை. அடக்க முடியாமல் நான் தவித்ததை மூக்கையா பார்த்துவிட்டார். இடது கையால் சட்டியைக் கொண்டுவந்து வைத்தார். எடுத்துக்கொண்டு போனதும் அவர்தான். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர் திரும்பி வந்து, "மழ விட்டுருச்சுங்க" என்றார்.

மத்தியானம் சோறு வந்தது. இடது கையால் அவருக்குப் பிசைய வரவில்லை. பருப்பு நெஞ்சில் ஒழுகியது. அவருடைய தட்டை வாங்கி என் கட்டிலில் வைத்துப் பிசைந்தேன். ஒரு வாய் எடுத்து நீட்டினேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு வாயைத் திறந்தார். அவருக்குக் கால் இருக்கிறது, எனக்குக் கை இருக்கிறது. பத்து நாளாக இப்படித்தான் போகிறது.

மிஸ் இப்போதும் எங்களை அண்ணன் தம்பி என்றே சொல்கிறார். நான் இப்போது திருத்துவதில்லை.

உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

தங்கையா


நிவித்திகல.
22.06.2024

சுஜீதாவின் அப்பாவுக்கு,

நான் வந்தேன். பதினேழாம் தேதி மத்தியானம், பார்வையாளர் நேரத்தில். வார்டு வாசலில் நின்றேன். நீங்கள் மூக்கையா அண்ணனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தீர்கள். அவர் எதையோ சொல்ல, நீங்கள் சிரித்தீர்கள். நீங்கள் அப்படிச் சிரித்து எத்தனை வருடம்! நான் உள்ளே வந்தால் கையை இழுத்துக்கொள்வீர்கள் என்று தோன்றியது. கொண்டுவந்த பையை மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். அதில் இடுப்பில் உடுத்த இரண்டு சாரம் இருந்திருக்கும். ஒன்று அவருக்கு.

உங்கள் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அக்கா, "இந்த மனுசனா இத எழுதுனாரு?" என்று கேட்டாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. முதல் தடவையாக நீங்கள் எனக்கு எழுதியது போலிருந்தது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சுகமாகி வந்ததும் சபையில் ஸ்தோத்திர ஆராதனை வைப்பார்கள். சாட்சி சொல்லச் சொல்வார்கள். அப்போது எனக்கு எழுதியதைப் போலவே சொல்லுங்கள். பெயரைச் சொல்லுங்கள். பூசணிக்காயையும் சொல்லுங்கள். அதன் பிறகு நான் வருகிறேன்.

சுகந்தினி


நிவித்திகல.
25.07.2024

தங்கையா அவர்களுக்கு,

சபைச் செயலாளர் அஜந்தன் போனில் எடுத்த வீடியோவை சுஜீதா எனக்கு அனுப்பினாள். இருபத்தோராம் தேதி ஆராதனை. மாலை போட்டு, பெரிய போதகரை அருகில் உட்கார்த்தி, ஊன்றுகோலோடு நீங்கள் நின்றீர்கள். பதினாறு நிமிடம் பேசினீர்கள். நான் மூன்று தடவை பார்த்தேன். எங்காவது தவறவிட்டேனோ என்றுதான்.

"கர்த்தருடைய கரம் என்னைக் குழியிலிருந்து தூக்கியெடுத்தது." எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். கரம், கரம் என்று ஏழு தடவை சொன்னீர்கள். அந்தக் கரத்துக்கு இப்போது மூன்று விரல்தான் இருக்கிறது என்று சொல்லவில்லை. "அக்கம்பக்கத்தார் சிலரும் உதவினார்கள்" என்றீர்கள். மூக்கையா அண்ணன் சிலரா?

வீடியோவின் கடைசியில் ஜன்னலுக்கு வெளியே ஒரு தலை தெரிகிறது. சுஜீதா அதைப் பெரிதாக்கி அனுப்பினாள். அவர்தான். கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு எழுதிய மனிதர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. இனி எழுத வேண்டாம்.

சுகந்தினி


ஹேனகந்த தோட்டம்.
02.08.2024

சுகந்தினி,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் வாசி.

பெயரைச் சொல்லத்தான் எழுந்தேன். ஆராதனைக்கு முன் பெரிய போதகர் என்னிடம், "தேவனுக்கு மகிமை வரட்டும், மனுசரப் பத்தி விவரமா வேணாம், கேக்கிறவங்களுக்குக் குழப்பமா இருக்கும்" என்றார். அவர்மேல் பழியைப் போடலாம் என்றுதான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். அது முழு உண்மை இல்லை. அவர் சொல்லாவிட்டாலும் நான் சொல்லியிருக்கமாட்டேன். மூக்கையா என்று சொன்னால் கருப்பாயி என்று சொல்ல வேண்டும். கருப்பாயி என்றால் அறுப்புப் பண்டிகை. அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் அது ஞாபகம் இருக்கிறது. மாலை போட்ட கழுத்தோடு அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஜன்னலில் அவர் நின்றது எனக்குத் தெரியாது. இதை நம்பு.

தங்கையா


ஹேனகந்த தோட்டம்.
27.08.2024

சுகந்தினி,

நீ பதில் எழுதவில்லை. எழுதவேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. நடந்ததை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உன் கடிதம் வந்த பிறகு இரண்டு வாரம் அவர்கள் லயத்துப் பக்கம் போகவே இல்லை. பதினாறாம் தேதி வெள்ளிக்கிழமை, கோலை ஊன்றிக்கொண்டு இறங்கினேன். மூக்கையா வாசல் கல்லில் உட்கார்ந்து இடது கையால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன், ஆராதனையில் உங்கள் பெயரைச் சொல்லாதது தப்பு, அறுப்புப் பண்டிகையன்று உங்கள் வீட்டாரைத் திருப்பி அனுப்பியது அதைவிடப் பெரிய தப்பு, என்னை மன்னிக்க வேண்டும் என்று.

அவருக்குக் கூச்சமாகிவிட்டது. "விடுங்க ஐயா. அழுகச் சத்தம் கேட்டுச்சு. யாருன்னு பாத்துட்டா தோண்டுவாங்க?" என்றார்.

அந்த நேரத்தில் கருப்பாயி பால் வாளியோடு வந்து சேர்ந்தாள். இப்போது புருஷனுடைய மரங்களையும் அவள்தான் வெட்டுகிறாள். என்ன பேச்சு என்று கேட்டாள். அவளிடமும் சொன்னேன். அவள் வாளியை இறக்கி வைக்காமலே என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்கு நான் கொண்டாந்தது உங்க சாமிக்கு. அவருக்கு வேணாம்னா அவரு சொல்லியிருப்பாரு. நீங்க ஏன் சொன்னீங்க?"

நான் வேதபாடசாலையில் மூன்று வருடம் படித்தவன். அந்தக் கேள்வியை அங்கே யாரும் கேட்டதில்லை. அவள் உள்ளே போய்விட்டாள். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. போங்கள் என்றும் சொல்லவில்லை. நான் குனிந்து மூக்கையாவின் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டேன். ஐந்து பொத்தான். நான்காவது அறுந்து தொங்கியது.

பதினெட்டாம் தேதி ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் செய்யவில்லை. பூசணிக்காயிலிருந்து ஆஸ்பத்திரிச் சட்டி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். மிஸ்ஸிடம் இவர் என் தம்பி இல்லை என்று விளக்கம் கொடுத்ததையும் சொன்னேன். அஜந்தன் பாதியில் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இரண்டு குடும்பம் எழுந்து போனது. மிச்சப் பேர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. முடித்துவிட்டு உட்கார்ந்தபோது மனம் லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. மூக்கையாவின் கை அப்படியேதான் இருக்கிறது.

பெரிய போதகர் மறுநாள் பேசினார். சபையைக் கலைக்கிற பேச்சு என்றார். வருட முடிவு வரைக்கும் நான் பிரசங்கபீடத்தில் ஏறக்கூடாது. அதன்பிறகு என்ன என்று அவர் சொல்லவில்லை. நான் பள்ளி அறையில்தான் இருக்கிறேன்.

தினமும் காலையில் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். பொத்தான் போட, காயத்தைக் கழுவித் துணி சுற்ற, கருப்பாயி கொண்டுவந்து போடுகிற சிரட்டைகளில் ஒட்டிக் காய்ந்திருக்கும் பாலை உரித்தெடுக்க. மலை ஏற என் கால் உதவாது. உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலை இதுதான் இருந்தது. யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. முதல் நாள் கருப்பாயி, "இப்புடி உரிச்சா நார்நாரா வரும், விளிம்புலேருந்து புடிங்க" என்று கடுகடுவென்று சொல்லிக் காட்டினாள். கையில் அந்த நாற்றம் எத்தனை கழுவினாலும் போவதில்லை. முந்தி அந்த நாற்றத்தோடு யாராவது கைகுலுக்க வந்தால் நான் இரண்டு கையையும் கூப்பி வணக்கம் சொல்லித் தப்பித்துக்கொள்வேன். உனக்கு அது தெரியும்.

நேற்று மழை பிடித்துக்கொண்டது. பள்ளி அறைக்குத் திரும்ப முடியவில்லை. அவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். எனக்குப் பசி. இருபத்தெட்டு வருட ஊழியத்தில் அந்த லயத்தில் நான் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அவர்கள் சாமிக்குப் படைத்ததாக இருக்கும் என்று சொல்லிவிடுவேன். எவ்வளவோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன். கேட்டதில்லை. அவர்கள் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன், சுகந்தினி. கடைசியில், "எனக்கும் கொஞ்சம் தருவீங்களா?" என்று கேட்டேன்.

கருப்பாயி எழுந்தாள். பிறகு தட்டைக் கழுவிச் சோறு போட்டாள். பலாக்கொட்டைக் குழம்பு. ஜெபிக்கக் கண்ணை மூடினேன். வழக்கமான வார்த்தைகள் எதுவும் வரவில்லை. இந்தச் சோற்றுக்காக ஸ்தோத்திரம், இந்தக் கைகளுக்காக ஸ்தோத்திரம் என்று மட்டும் சொன்னேன். கண்ணைத் திறந்தால் இரண்டு பேரும் சாப்பிடாமல் எனக்காகக் காத்திருக்கிறார்கள்.

உன்னிடம் இன்னும் நான் சொல்லாதது ஒன்று. லயத்தில் பிறந்தவள் என்று உன்னைச் சொன்னது கோபத்தில் வந்த வார்த்தை அல்ல. எப்போதும் எனக்குள்ளே இருந்தது. உன்னைக் கைதூக்கிவிட்டவன் நான் என்று நினைத்தே உன்னோடு வாழ்ந்தேன். நீ பரிமாறியபோதெல்லாம் அதை எனக்கு வரவேண்டிய மரியாதையாக எடுத்துக்கொண்டேன். ஒரு நாளும் உனக்கு நன்றி சொன்ன ஞாபகம் இல்லை. இப்போது சொல்கிறேன். எழுத்தில் சொல்வது போதாது என்று தெரியும்.

வா என்று கூப்பிடும் உரிமை எனக்கு இல்லை.

தங்கையா


நிவித்திகல.
03.09.2024

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டவில்லை. நானே வைத்துக்கொண்டேன்.

நீங்கள் என்னிடம் மறைக்காமல் எழுதியதால் நானும் ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. மூன்று மாதமாக இதைச் சுமந்துகொண்டிருக்கிறேன். மூக்கையா அண்ணன் அன்றைக்குக் காலையில் மண்வெட்டியோடு அந்தப் பக்கம் எப்படி வந்தார் என்று தெரியவில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து எழுதியிருந்தீர்கள். நான்தான் வரச் சொன்னேன். நீங்கள் கூப்பிடமாட்டீர்கள் என்று தெரிந்து, இரண்டாம் தேதி பின்னேரம் கருப்பாயி அக்காவுக்குப் போன் போட்டேன். "மழ விடாது போலருக்கு, அண்ணன அந்தக் கான மட்டும் வெட்டிவிடச் சொல்லுங்க அக்கா. இவருக்குத் தெரிய வேணாம்" என்றேன். திருப்பி அனுப்பப்பட்ட வீட்டிலேயே போய் உதவி கேட்டேன். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "விடிஞ்சதும் போகச் சொல்றேம்மா" என்றார்.

அவர் இன்றைக்கும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அண்ணனும் கானைப் பார்க்க வந்தேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

வார்டு வாசலில் இருந்து நான் ஏன் திரும்பிப் போனேன் என்று உங்களுக்கு அழகாக எழுதினேன். பொய். நீங்கள் கையை இழுத்துக்கொள்வீர்கள் என்பதற்காக அல்ல. மூக்கையா அண்ணனுடைய கையைப் பார்த்தேன். கட்டுக்கு வெளியே எத்தனை விரல் தெரிகிறது என்று எண்ணினேன். எண்ணி முடித்ததும் பையைக் கொடுத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

பிறகு வீடியோ வந்தது. பெயரைச் சொல்லவில்லை என்று உங்களைக் கிழித்து எழுதினேன். எழுதும்போது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? குற்றம் முழுக்க உங்கள் பக்கம் இருந்தது. நான் நல்லவளாக இருந்தேன். பூசணிக்காய்க்காகச் சண்டை போட்டவள், தர்மிளாவை மடியில் வைத்திருந்தவள். அந்தச் சந்தோஷத்தில் அவர் கையை மறந்துவிட்டேன். உங்களுக்கு எழுதியதில் பாதிகூட அவர்களுக்காக நான் செய்யவில்லை. அந்த இரண்டாம் தேதிக்குப் பிறகு கருப்பாயி அக்காவுக்கு ஒரு போன்கூடப் போடவில்லை. நன்றி சொல்லத் திரும்பி வராத ஒன்பது பேரைப் பற்றி உங்களுக்கு எழுதாமல் எழுதினேன் அல்லவா? அதில் ஒருத்தி நான்.

என்னால் அவர் அங்கே வந்தார் என்பதற்காக அழுவதா, அவர் வந்ததால் நீங்கள் இருக்கிறீர்கள் என்பதற்காக ஸ்தோத்திரம் சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் வருகிறது. ஆண்டவரிடம் அதை அப்படியே கொடுத்துவிடுகிறேன்.

சனிக்கிழமை காலை வருகிறேன். பெல்மதுளையில் பஸ் மாறி, பத்து மணிக்கெல்லாம் தோட்டத்துச் சந்தியில் இறங்கிவிடுவேன். உங்களுக்குக் கால் முடியாது, சந்திக்கு வர வேண்டாம். பள்ளி அறைக்கும் நான் முதலில் வரமாட்டேன். உங்களோடு தங்குவேனா, திரும்பி வந்துவிடுவேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நீங்கள் எழுதிய அந்தக் கடைசி வரிகள் எனக்குப் போதவில்லை. எதிரில் உட்கார்ந்து சொன்னால் கேட்பேன். அதெல்லாம் பின்னேரம் பேசிக்கொள்ளலாம்.

நேரே அவர்கள் லயத்துக்குத்தான் போவேன். கருப்பாயி அக்காவிடம் என்ன சொல்வது என்று நாலு நாளாக யோசிக்கிறேன். ஒன்றும் கூடிவரவில்லை. வாசலில் நின்று கூப்பிடுவேன். உள்ளே வா என்றால் போவேன். சொல்லாவிட்டால், சொல்லும்வரை நிற்பேன்.

சுகந்தினி